மீரிமின் போஸ்டருக்குப் பக்கத்தில்

தண்டர் பே,
ஜூன், புதன்கிழமை

அன்பு ஹேசலுக்கு,

அம்மா எழுதுகிறேன். உடம்புக்கு ஒன்றும் இல்லை, வேளைக்குச் சாப்பிடுகிறேன், தூக்கமும் வருகிறது. நியூசிலாந்தில் இப்போது குளிர் தொடங்கியிருக்கும், அந்தப் பண்ணையில் நீயும் மாடுகளும் நலமாக இருக்க வேண்டும். இங்கே பெரிதாகச் செய்தி இல்லை. பிப்ரவரியில் அப்பா போனபிறகு பக்கத்து வீட்டுக்காரர் கேட்காமலேயே நம் புல்லையும் வெட்டிவிடுகிறார், நான் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு உள்ளே போய்விடுகிறேன். போன இலையுதிர் காலத்தில் அப்பா பிடித்துவந்த மீன் ஃப்ரீசரில் இன்னும் இருக்கிறது, அதைத்தான் பொரித்துச் சாப்பிடுகிறேன், உப்புப் போட்டேனா இல்லையா என்று பாதி சாப்பிட்டபின்தான் யோசிக்கிறேன். டோரீன் அத்தை ஏரி வீட்டுக்குக் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறாள். நீ வந்து அழணும்னு யாரும் கேக்கல, சீட்டாட ஒரு ஆள் குறையுது, அவ்வளவுதான் என்றாள். பார்க்கலாம் என்று சொல்லிவைத்திருக்கிறேன்.

போன வாரம் வினிபெக்கில் ஏரி ஆய்வாளர்களின் மாநாடு. எங்கள் ஆய்விதழ் வருடாவருடம் அங்கே ஒரு மேஜை போடும், உனக்குத் தெரியும், இலவசப் பேனாவும் மிட்டாயும் வைத்துக்கொண்டு நான்தான் உட்கார்ந்திருப்பேன். இந்தமுறை ஆசிரியர் கோர்ட் என்னை அங்கே உட்கார விடவில்லை. மார்னி, மிட்டாய்க்குக் காவல் காத்தது போதும், உனக்குக் கால் இருக்குல்ல, போய் நில்லு என்றார். விசா கிடைக்காமல் வரமுடியாத மாணவர்களுக்காக இதழ் ஒரு ஏற்பாடு வைத்திருக்கிறது. ஆய்வை ஒரே தாளில் விளக்கும் அவர்களுடைய போஸ்டரை நாங்களே அச்சிட்டு மாட்டி, பக்கத்தில் ஒருவரைப் போனோடு நிறுத்துவோம், கேட்பவர்களுக்கு மாணவர் அந்தப் போன் திரையில் முகம் காட்டிப் பதில் சொல்வார். நிற்பவர் ஆய்வைப் பற்றி வாயைத் திறக்கக் கூடாது, நாம் தப்பாகச் சொன்னால் அது அவர்கள் பேரில் போய்ச் சேரும் என்பது கோர்ட்டின் கண்டிப்பு. எனக்கு வந்தவள் மீரிம் என்று ஒரு கிர்கிஸ்தான் பெண், உன்னைவிட இரண்டு மூன்று வயது பெரியவளாக இருப்பாள். ஏரியின் அடிச் சேற்றில் கிடக்கும் பாசி ஓடுகளை வைத்துப் பழைய காலத்து நீரைப் பற்றிச் சொல்கிறாள். அந்த வேலையைத் தொடர அவளுக்கு ஏற்ற ஆய்வகம் லிண்ட்ஸ்ட்ரோம் என்ற பேராசிரியருடையது, அங்கே ஒரே ஒரு இடம்தான் காலி. அவருக்கு எத்தனையோ மெயில் போட்டும் பதில் இல்லையாம். அவர் நின்னார்னா போதும், மத்தத நான் பாத்துக்கறேன் என்று காலையிலேயே என்னிடம் சொல்லியிருந்தாள்.

அவர் வந்தார். தோளில் பை, விமானத்துக்குக் கிளம்புகிற அவசரம், ஆனாலும் நின்றார், மூன்றாவது வரைபடத்தில் விரலை வைத்து ஏதோ கேட்டார். பார்த்தால் போனில் மீரிமின் வாய் பாதி திறந்தபடி உறைந்து நிற்கிறது. அடித்தள மண்டபம், அத்தனை கூட்டம், இணைப்பு போய்விட்டது. ஒரு நிமிஷம், வந்துடுவா என்றேன். எந்த ஊருக்குப் போகிறீர்கள், அங்கே மழையா என்றெல்லாம் கேட்டேன். அவர் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, பரவால்ல, மெயில் போடச் சொல்லுங்க, பாக்கறேன் என்று திரும்பினார். அந்த மெயிலின் கதி எனக்குத் தெரியும். அதற்குமேல் அவரிடம் பேச எனக்கு ஒன்றும் மிச்சமில்லை. அப்போதுதான் என் வாய் சொன்னது: "என் புருஷன் பிப்ரவரில செத்துப்போயிட்டார்."

அவர் பையைக் கீழே வைத்தார். நான் சொல்லிக்கொண்டே போனேன் ஹேசல். அப்பா பனி தள்ளப் போனது, முதலில் பக்கத்து வீட்டு வாசலைத் தள்ளிவிட்டுத்தான் நம் வாசலுக்கு வந்தது, நான் உள்ளே காப்பி கலந்தது, ஆம்புலன்ஸில் நான் வீட்டுச் செருப்போடு ஏறியது எல்லாம். அவரை நிறுத்திவைக்கத்தான் சொன்னேன். வானிலைச் செய்தி வாசிப்பதுபோல் என் குரல் எனக்கே கேட்டது, கண்ணில் ஒரு சொட்டு வரவில்லை. நான் முடித்ததும் போனிலிருந்து மெதுவாக, வணக்கம் ப்ரொஃபஸர் என்று குரல் வந்தது. அவர் குனிந்து அந்தச் சின்னத் திரைக்கு முன்னால் முகத்தை வைத்துக்கொண்டு அவளோடு வெகுநேரம் பேசினார், இந்த வரைபடத்த நான் நம்பமாட்டேன் என்று வம்பு பண்ணினார், அவள் விடாமல் மல்லுக்கட்டினாள், ஒருமுறை இருவரும் சிரித்தார்கள். போகும்போது, ஜனவரிக்கு வர முடியுமா பாரு, விசாவுக்குக் கடிதம் நான் தரேன் என்றார். என் தோளை ஒருமுறை தொட்டுவிட்டு டாக்சியைத் தேடி ஓடினார்.

லைன் எப்போது வந்தது என்று மீரிமிடம் கேட்டேன். நீங்க காப்பி கலந்தத சொல்றப்பவே வந்துடுச்சு என்றாள். அடி பைத்தியமே, அவர் போயிருந்தால் என்ன செய்திருப்பாய், ஏன் கூப்பிடவில்லை என்றேன்.

"நீங்க பேசிட்டு இருந்தீங்க," என்றாள்.

சரி என்று சொல்லிப் போனை வைத்தேன். ஊசிகளைப் பிடுங்கி போஸ்டரைச் சுருட்டினேன். ராத்திரி விருந்தில் இதழ் கொடுத்த பரிசுகளுக்கெல்லாம் கை தட்டினேன். ஏதாவது தோன்றியதா என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை. ஊருக்கு வந்தபின் ஒன்று மட்டும் உறுத்துகிறது. அந்த மனிதரிடமும் அந்தப் பெண்ணிடமும் சொன்னதில் பாதியைக்கூட நான் உன்னிடம் சொல்லவில்லை. இறுதிச் சடங்குக்கு நீ வந்து இறங்கியபோது, சீக்கிரம் முடிந்துவிட்டது, வலி இல்லை என்று இரண்டு வரியோடு நிறுத்திக்கொண்டேன்.

ஈரக் காலுறையோடு தூங்காதே. நீ எங்கே இருந்தாலும் நல்லபடியாக இரு, என் ஆசி எப்போதும் உண்டு. ஞாயிற்றுக்கிழமை மறக்காமல் போன் செய். அப்பாவின் அன்றைய காலையை முதலிலிருந்து சொல்கிறேன். என் குரல் எப்படி இருந்தாலும் பயப்படாதே, நடுவில் ஒன்றும் கேட்காதே, நான் முடிக்கிறவரை லைனிலேயே இரு.

உன் அம்மா
மார்னி