கடமான் படுத்த புல்

1931, மாசி மாதம், செவ்வாய்க்கிழமை

பசு இன்றும் எழுந்திருக்கவில்லை. போன வாரம் அதன் கன்று செத்தது. இரண்டின் மேலும் உண்ணி அப்பிக் கிடந்தது. பக்கத்து வீட்டு மாடுகளுக்கு ஒன்றும் இல்லை. அது ஏன் என்றுதான் மனதை அரித்தது.

காலையில் எங்கள் பசு மேயும் சோலை ஓரத்துக்கு நானே போனேன். இடுப்பளவு புல், ஈரம் காயாத நிழல். ராத்திரி கடமான்கள் படுத்த தடம் தெரிந்தது. அதைத் தாண்டியதுமே என் வெள்ளைச் சேலை ஓரத்தில் எள்ளைக் கொட்டினாற்போல் உண்ணிக் குஞ்சுகள். அவற்றை உதறிவிட்டு, பக்கத்து வீட்டு மாடுகள் மேயும் மேட்டுக்குப் போய் நடந்து பார்த்தேன். வெயில் காயும் குட்டைப் புல். ஒன்றுகூட ஏறவில்லை.

என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். “இனிமே மேட்டுக்கு ஓட்டுங்க.”

“மேட்டுல என்ன புல்லு கெடக்கு? பால் வத்திப் போகும், ரோசலி.”

“மாடே போயிட்டா?”

ராத்திரி சாப்பிடும்போது என் காதுக்குப் பின்னால் உறுத்தியது. அவர் விளக்கைத் தூக்கிப் பார்த்தார். உண்ணி. பிடுங்கி அடுப்பில் போட்டார்.

“மாடு பொழச்சு எந்திரிச்சா மேட்டுக்கே ஓட்டுறேன்” என்றார்.

இப்போதுதான் போய்ப் பசுவுக்குத் தண்ணீர் காட்டினேன். இரண்டு வாய் குடித்தது. தூக்கத்தில் கண்ணைத் திறக்க முடியவில்லை எனக்கு.