அப்பா உண்டாக்கிய எட்டு உறவுகள்

மண்ணூர்பேட்டை
12.2.1989

அன்பு மகன் ராஜசேகரனுக்கு அம்மா சொல்ல, தங்கை ஜெகதா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம், பம்பாயில் நீயும் வேளைக்குச் சாப்பிட்டு நலமாக இருக்க மாரியாத்தா துணை. உன் அப்பாவுக்கு உடம்பில் ஒன்றுமில்லை, வாய்க்குத்தான் வைத்தியம் பார்க்க வேண்டும்.

நம் வீட்டு அறைகளில் எஸ்டேட் கம்பெனிகளில் வேலை செய்யும் பையன்கள் எட்டுப் பேர் வாடகைக்கு இருப்பது உனக்குத் தெரியும். போன மாதம் சானிட்டரி இன்ஸ்பெக்டர் மனோகரன் வந்து, வெளியாட்களை இப்படிக் கூட்டாக வைத்தால் லைசென்ஸ் எடுக்க வேண்டும், இன்னொரு கக்கூசும் கட்ட வேண்டும், இல்லையென்றால் எல்லோரையும் காலி செய்ய வைப்பேன் என்றார். உன் அப்பா யோசிக்கவே இல்லை, வெளியாள் யார் சார், எல்லாம் சொந்தக்காரப் பசங்க என்று ஆளுக்கொரு உறவுமுறை சொல்லிக்கொண்டே போனார். சம்பத் தன் அக்கா மகனாம், தூத்துக்குடி ஜேம்ஸ் என் பெரியம்மா வழியாம். (கழுத்தில் சிலுவையோடு நின்ற ஜேம்ஸ் அண்ணன் உடனே அம்மாவிடம் "சித்தி, காப்பி" என்றது. காதில் ஓதியது ஜெகதா நான்தான்.) சொந்தக்காரர்களுக்கு லைசென்ஸ் எதற்கு என்று இன்ஸ்பெக்டரும் காப்பி குடித்துவிட்டுப் போய்விட்டார்.

அதோடு விட்டாரா, அடுத்த வெள்ளிக்கிழமை சம்சாரத்தோடு பூ, பழத் தட்டுடன் வந்து நிற்கிறார். சம்பத்தின் அடக்கம் பிடித்துப்போயிற்றாம், மகளுக்குக் கேட்கிறார். தாய்மாமன் நீங்கள் இருக்கையில் வேறென்ன விசாரிக்க வேண்டும் என்கிறார். சம்பத் தாய் தகப்பன் இல்லாத பையன், பெண்ணின் போட்டோவைப் பார்த்ததும் உள்ளே போய்த் தலைசீவிக்கொண்டு வந்தான். உண்மையைச் சொன்னால் எட்டுப் பேரும் தெருவில் நிற்க வேண்டும், சொல்லாவிட்டால் ஒரு பெண்ணை ஏமாற்றிய பாவம். உன் அப்பா விட்டத்தைப் பார்த்தார். நான்தான் வாயைத் திறந்தேன்: "சார், இவரு தாய்மாமனும் இல்ல, ஒண்ணும் இல்ல. எல்லாம் வாடகைக்குக் கீற புள்ளைங்க. ஆனா சம்பத்து தங்கமான புள்ள, அது மட்டும் பொய்யில்ல."

இன்ஸ்பெக்டர் தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டார். சம்பத் அன்று சாப்பிடவில்லை. திங்கட்கிழமை அப்பா லைசென்ஸ் மனுவோடு அவர் வீட்டுக்கே போனார், எட்டுப் பேரும் உறவில்லை என்று அதில் எழுதிக் கொடுத்திருந்தார். இன்ஸ்பெக்டர் முழுக்கப் படித்து வாங்கி வைத்துக்கொண்டு, உள்ளே போய் அந்தத் தட்டைக் கொண்டுவந்தாராம். "பொய்யா எட்டுப் பேருக்கு உறவா நின்னீங்களே, நெசமா ஒருத்தனுக்கு நில்லுங்க" என்றாராம். அப்பா இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு வந்தார்.

வைகாசியில் கல்யாணம், நாம் மாப்பிள்ளை வீடு, லீவுக்கு இப்போதே எழுதிப் போடு. அதற்குள் கக்கூசும் கட்டியாக வேண்டும். தலைக்கு எண்ணெய் வை, ரயில் படியில் தொங்காதே. நீ நூறு வயது நன்றாக இருக்க வேண்டும்.

உன் அம்மா
வேம்புலியம்மாள்