வெளியாருக்கு வைத்த பெயர்

சியோல்
12.3.2007

அன்புள்ள அம்மாவுக்குச் சஹானாவின் நமஸ்காரம்.

சௌக்கியமாக வந்து சேர்ந்தேன். நம் ஊர் டாலிகஞ்ச் ஸ்டுடியோவில் என் நடனத்தைப் பார்த்துத் தேர்ந்தெடுத்த மேனேஜரே விமான நிலையத்துக்கு வந்திருந்தார். அறையில் நாங்கள் ஆறு பெண்கள். பாட்டு, நடனம், கொரிய மொழி என்று பொழுதுக்கும் பயிற்சி.

ஒரு வேடிக்கை. கே-பாப் பாடகியாகப் போகிறேன் என்று ஊரெல்லாம் பீற்றிக்கொண்டேனே, எங்கள் சமையல்காரம்மாவுக்கு அந்தச் சொல்லே தெரியவில்லை. அவருக்கு அது ‘கயோ’, அதாவது பாட்டு. கே-பாப் என்பது வெளியாருக்கு வைத்த பெயர் என்றார் மேனேஜர். எனக்கும் ஒன்று வைத்திருக்கிறார்: சானா. அப்பாவிடம் சொல்லிவிடாதே.

உன் சஹானா

கல்கத்தா
2.4.2007

சிரஞ்சீவி சஹானாவுக்கு அம்மாவின் ஆசீர்வாதம்.

உன் செல்போன் எப்போதும் அணைந்தே கிடக்கிறது. “பெரிய கம்பெனி, கட்டுப்பாடாத்தான் இருப்பா” என்கிறார் அப்பா. பெயர் மாற்றத்தைப் பற்றி நான் மூச்சு விடவில்லை. ராகம் ராகமாகத் தேடி அவர் வைத்த பெயர். லேக் மார்க்கெட்டிலிருந்து அப்பளமும் நார்த்தங்காயும் வாங்கி அனுப்பினேனே, வந்ததா? என்ன சாப்பிடுகிறாய் என்று ஒரு வரி எழுதக் கூடாதா?

அம்மா

சியோல்
6.5.2007

அம்மா,

செல்போன், பாஸ்போர்ட் இரண்டையும் வாங்கிப் பூட்டி வைத்திருக்கிறார்கள். பார்சல் வந்தது. எடை கூடிவிடும் என்று மேனேஜர் என் கண்ணெதிரே குப்பையில் கொட்டினார்.

தாய்லாந்துப் பெண் பிம், வீட்டுக்குப் போக வேண்டும் என்று அழுதுகொண்டே இருந்தாள். ஒருநாள் காலையில் அவள் படுக்கை காலி. ஊருக்கு அனுப்பிவிட்டோம் என்கிறார்கள். அவள் பெட்டியும் செருப்பும் இங்கேயேதான் இருக்கின்றன.

இனி ஆங்கிலத்தில்தான் எழுத வேண்டுமாம். படித்துப் பார்த்துத்தான் அனுப்புவார்களாம். இதைச் சமையல்காரம்மா ரகசியமாகத் தபாலில் சேர்ப்பார். பதிலை அவர் வீட்டு விலாசத்துக்கே எழுது, பின்பக்கம் இருக்கிறது.

பயமாக இருக்கிறது அம்மா.

சஹானா

கல்கத்தா
14.8.2007

கண்ணே சஹானா,

நீ பயந்து எழுதியதற்குப் பிறகு, ஜூன் மாதம் ஆங்கிலத்தில் ஒரு கடிதம் வந்தது. மிகுந்த சந்தோஷமாக இருக்கிறாயாம், யாரும் வர வேண்டாமாம். அப்பா படித்துச் சொல்லிவிட்டு, “பாத்தியா, நன்னாத்தான் இருக்கா” என்றார். நான் தாளை வாங்கிப் பார்த்தேன். எனக்கு ஆங்கிலம் படிக்க வராது. ஆனால் உன் பள்ளிக்கூட நோட்டுகளுக்கெல்லாம் அட்டை போட்டவள் நான். “ஏன்னா, இது அவ எழுதினதில்லை” என்றேன். உன் பழைய நோட்டு ஒன்றை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். மறுநாளே எங்கள் இருவருக்கும் பாஸ்போர்ட்டுக்கு எழுதிப் போட்டார்.

தூதரகத்தில் விசாரிப்பதாகச் சொல்கிறார்கள். மேனேஜரின் நம்பரில் யாரும் எடுப்பதில்லை. சமையல்காரம்மா விலாசத்துக்கு நான் எழுதிய கடிதம் பிரிக்காமலே நேற்றுத் திரும்பி வந்துவிட்டது.

எங்கள் இருவருக்கும் பாஸ்போர்ட்டும் விசாவும் கிடைத்துவிட்டன. வியாழக்கிழமை புறப்படுகிறோம். யார் கூப்பிட்டாலும் தனியாக எங்கேயும் போகாதே.

இதைத் தபாலில் போடப் போவதில்லை. கையிலேயே கொண்டு வருகிறேன்.

அம்மா