பிஸ்தாஷுக்குத் தமிழில் ஓர் அட்டை

4 பெப்ரவரி 2025, செவ்வாய்

காலை சுகர் 6.4, இந்த நாட்டுக் கணக்கில்.

இந்தக் கொப்பி டொக்டர் சுகர் எழுதத் தந்தது. ஓரத்தில் 'குறிப்பு' என்று சின்னதாக ஒரு கட்டம். அதில் எழுதத் தொடங்கி இப்போது பக்கம் முழுக்க என் கதைதான்.

நாய் வந்து பதினொரு நாள். பெயர் பிஸ்தாஷ். பள்ளிக்கூடத்தில் படித்த நாய், பிரெஞ்சு மட்டும்தான் விளங்கும். "இரு" என்றால் கந்தோரில் கவுண்டருக்குப் பின்னால் இருக்கிறவர்கள் பார்ப்பது போலப் பார்க்கிறது. "அஸி" என்றால் உடனே குந்திவிடுகிறது. நான் எட்டாம் வகுப்போடு நின்றவள். இந்த நாட்டில் முப்பத்தொரு வருடம். நான் பிரெஞ்சில் சொல்லி ஒருவர் கேட்டது இதுதான் முதல் தடவை.

சுகர் இறங்கினால் எனக்குத் தெரியாது. மற்றவர்களுக்குக் கை நடுங்குமாம், வியர்க்குமாம். எனக்கு ஒன்றுமில்லை, நேரே விழுவதுதான். இவர் இருந்தவரை இவர் பார்த்துக்கொண்டார். டீவியில் செய்தி ஓடும். தலையைத் திருப்பாமலே, "யோகம், உன்ர முகம் சரியில்லை, எழும்பி ஏதாவது குடி" என்பார். முகத்தைப் பார்க்காமல் முகம் சரியில்லை என்று எப்படித் தெரிந்தது? கேட்காமல் விட்டுவிட்டேன்.

போன மார்ச்சில் போய்விட்டார். பிறகு இரண்டு தரம் விழுந்தேன். ஒன்று குசினியில் அடுப்புக்கு முன்னால், மற்றது பஸ் தரிப்பில். சுகர் பார்க்கக் கையில் ஒட்டுகிற கருவி தோலைக் கொப்பளிக்க வைத்தது. நொஷாட்டலில் இருக்கிற மகள் யதுஷா அங்கே இங்கே எழுதிப்போட்டு இந்த நாயை எடுத்துத் தந்தாள். இது மணந்து கண்டுபிடிக்கும். மூக்கால் என் முழங்காலில் இடிக்கும். குடிக்கும்வரை இடிக்கும். இவர் ஒரு தரம் சொல்லிவிட்டுக் கோபித்துக்கொண்டு இருந்துவிடுவார். நாய்க்கு அவரைவிடப் பொறுமை கூட.

8 பெப்ரவரி, சனி

சுகர் 7.0.

தமிழ்க் கடைக்காரத் தம்பி வாசலிலேயே மறித்துவிட்டான். "அக்கா, நாயை வெளியில கட்டிப்போட்டு வாங்கோ. சாப்பாட்டுச் சாமான் இருக்கிற இடம்."

"இது யதுஷாவின்ர நாய் தம்பி, ரெண்டு நாளைக்குத்தான்" என்று ஒரு பொய் சொன்னேன். பள்ளிக்கூடம் நாய்க்குத் தந்த நீலச் சட்டை பைக்குள் மடித்துக் கிடந்தது. அதில் துணைநாய் என்று பிரெஞ்சிலும் ஜெர்மனிலும் எழுதியிருக்கும். போட்டால், உங்களுக்கு என்ன வருத்தம், என்ன நோய் என்று கேட்பார்கள். சொன்னால் என் வருத்தம் பஸ் ஏறி இந்த பீல் ஊர் முழுக்கப் போய்வரும்.

வெண்டிக்காய் வாங்காமல் வந்தேன்.

9 பெப்ரவரி, ஞாயிறு

சுகர் 5.9. யதுஷா டெலிபோனில் ஏசினாள்.

"அம்மா, சாப்பாட்டுக் கடைக்குள்ள மிருகம் வரக்கூடாதெண்ட சட்டத்திலயே துணைநாய்க்கு விலக்கு இருக்கு. நீங்கள் ஏன் வெளியில வந்தனீங்கள்?"

"நீலச் சட்டை போடேல்லப் பிள்ளை."

"போட்டாலும் போடாட்டிலும் அது துணைநாய்தான். நாய்ப் பள்ளிக்கூடம் தந்த அட்டையும் அப்பிடித்தான். அட்டையால உரிமை வாறேல்ல. காட்டினால் கதை சுருங்கும், அவ்வளவுதான்."

"எனக்குக் கதை சுருங்கினால் போதும்."

"அப்ப காட்டுங்கோவன்!"

20 பெப்ரவரி, வியாழன்

சுகர் 8.1. கோபத்தில் ஏறியிருக்கும்.

இவருடைய முதல் வருட ஆட்டைத் திவசம் மார்ச் 23, ஞாயிறு. தமிழ்ச் சங்க மண்டபத்தின் கதவுத் திறப்பு குணசேகரம் அண்ணையிடம். கேட்கப் போனேன்.

"மண்டபம் ஓம். நாய் இல்லை. ஐயர் வாற இடம், படையல் வைக்கிற இடம்."

அட்டையை நீட்டினேன். கண்ணாடியைப் போட்டார், கழற்றினார். "இது பிரெஞ்சு. எங்கட கொமிட்டி தமிழ்."

"தமிழில இருந்தால்?"

"இருந்தால் பாப்பம்."

மண்டபம் தனி ஆட்களின் இடம், வழக்கென்று போனால் இழுபடும் என்று யதுஷா சொல்கிறாள். வழக்கு முடிய இவருக்குப் பத்தாவது திவசம் வந்துவிடும்.

நாய் இல்லாமல் நான் போக முடியாது. அன்றைக்கு ஐயர் முடிக்கும்வரை சாப்பாடும் இல்லை. இவருக்குப் படைத்த இடத்தில் நான் விழுந்து கிடந்தால்? போகாமல் விட்டால், எல்லாரும் அங்கே போய்ச் சாப்பிட நான் இங்கே சுவரைப் பார்த்துக்கொண்டு — ஏன்? என்ர மனுசன். நான் ஏன் வீட்டில இருக்கவேணும்?

26 பெப்ரவரி, புதன்

சுகர் 6.2. கோபிசனிடம் போனேன். கலியாண பனர், செத்தவர்களின் அஞ்சலித் துண்டு எல்லாம் அடிப்பவன். பிஸ்தாஷின் படமும் பிறந்த திகதியும் கொடுத்து, தமிழில் ஓர் அட்டை வேண்டும் என்றேன். என்ன எழுதவேண்டும் என்று சொல்லத் தொடங்க, "விடுங்கோ அக்கா, நான் வடிவாச் செய்து தாறன்" என்றான்.

1 மார்ச், சனி

சுகர் 5.5.

வடிவாகத்தான் செய்திருக்கிறான். முட்டை வட்டத்துக்குள் பிஸ்தாஷின் முகம். இரண்டு பக்கமும் குத்துவிளக்கு. 'தோற்றம்: 12.05.2022.' அதற்கு எதிரே ஒரு கோடு, கோட்டுக்குப் பிறகு வெறுமை. நடுவில் 'யோகாம்பாளின் உற்ற துணை.' அடியில் 'தகவல்: குடும்பத்தினர்' என்று போட்டு என் நம்பர்.

"தம்பி, இது செத்தவைக்குப் போடுறதெல்லோ?"

"அக்கா, என்னட்டை ரெண்டு வடிவம்தான் இருக்கு. ஒண்டு கலியாணத்துக்கு. அதில நாயைப் போட்டால் மாப்பிளை எங்கயெண்டு கேப்பினம்."

அதோடு விட்டானா? எல்லாருக்கும் தெரியட்டும் என்று வாட்ஸப் குழுவிலும் போட்டுவிட்டானாம்.

2 மார்ச், ஞாயிறு

சுகர் பார்க்க நேரமில்லை. பதினேழு டெலிபோன், எல்லாம் பிஸ்தாஷின் சாவுக்கு.

"சடுதியாவோ?"

"ஆஸ்பத்திரியில வைச்சிருந்தவையோ?"

"எப்ப எடுக்கினம்?"

மத்தியானம் கடைக்காரத் தம்பியின் மனைவி சுடுதண்ணிப் போத்தலில் தேத்தண்ணி கொண்டு வந்தாள். கதவைத் திறந்தேன். எனக்கு முன்னால் பிஸ்தாஷ் வந்து வாலை ஆட்டியது. அவள் போத்தலைப் போட்டுவிட்டாள். படிக்கட்டு முழுக்கத் தேத்தண்ணி. "அக்கா, உது ஆர்?" என்று கேட்டாள்.

ஒவ்வொருவருக்கும் ஒன்றைத்தான் சொல்லவேண்டி வந்தது. நாய் சாகவில்லை, வருத்தம் எனக்கு. என்ன வருத்தம், எப்படி விழுவேன், இவர் எப்படிப் பார்த்துக்கொண்டார், இப்போது நாய் எப்படிப் பார்க்கிறது. முதல் ஆளுக்கு அரைவாசிதான் சொன்னேன். பதினேழாவது ஆளிடம் செய்தி வாசிக்கிறவள் மாதிரிச் சொன்னேன். பதினேழு பேரில் ஐந்து பேருக்குச் சுகராம். அவர்களும் இவ்வளவு நாள் வாய் திறக்கவில்லை.

3 மார்ச், திங்கள்

சுகர் 6.0. குணசேகரம் அண்ணை இன்றைக்குத்தான் வாட்ஸப் பார்த்திருக்கிறார்.

"யோகம், மனசைத் தேற்று. நாயெண்டாலும் உயிர்தானே. சின்னதா ஒரு நினைவுக்கூட்டம் வைக்கிறதெண்டால் சொல்லு, மண்டபம் தாறன்."

"அண்ணை, செத்த நாய்க்கு மண்டபம் தருவியள். உயிரோட இருக்கிற நாய்க்குத் தரமாட்டியளோ?"

டெலிபோனுக்குள் கதிரை இழுபடுகிற சத்தம் கேட்டது.

"சாகேல்லையோ?"

"பக்கத்தில இருந்து நீங்கள் கதைக்கிறதைக் கேட்டுக்கொண்டிருக்கு."

இருமினார். "சமையல் பக்கம் போகாதோ?"

"பிரெஞ்சில சொன்னால் போகாது."

"சரி, கூட்டிக்கொண்டு வா. ஏதோ நீலச் சட்டை இருக்காமே, அதைப் போட்டு வா. வாறவை எல்லாருக்கும் நிண்டு பதில் சொல்ல எனக்கு ஏலாது."

15 மார்ச், சனி

சுகர் 5.8. நீலச் சட்டையைத் தோய்த்துக் காயப்போட்டேன்.

23 மார்ச், ஞாயிறு

காலை 6.9. மண்டபத்தில் 3.3. நாலுக்குக் கீழே போகக்கூடாது.

பிஸ்தாஷ் என் கதிரைக்குக் கீழே கிடந்தது. குணசேகரம் அண்ணை வாசலில் நின்று, வருகிறவர்களிடம், "அது நாயில்லை, மருந்து" என்று சொல்லி உள்ளே அனுப்பினார்.

இவருடைய தம்பி தர்ப்பை போட்டு ஐயருக்கு முன்னால் இருந்தார். ஐயர் கோத்திரம் சொல்லி, நட்சத்திரம் சொல்லி, இவருடைய பெயருக்கு வரும் நேரம் பார்த்து முழங்காலில் ஓர் இடி. பொறு, பேர் முடியட்டும் என்றேன். மறுபடி இடி. நான் அசையவில்லை. ஒரு வருடம் காத்திருந்த பெயர் அல்லவா. அது எழும்பி நின்று ஒரே ஒரு தரம் குரைத்தது.

மண்டபமே திரும்பியது.

நாலு பேர் கூடுகிற இடத்தில் கழிவறைக்குள் ஒளித்து நின்று பழ யூஸ் குடிக்கிறவள் நான். இன்றைக்கு எல்லாருக்கும் முன்னால் பெட்டியில் குழாயைக் குத்திக் குடித்தேன். கடைசியில் உறிஞ்சுகிற சத்தம் எனக்கே கேட்டது. ஒருவரும் சிரிக்கவில்லை. ஐயர் மணியைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"குடிச்சு முடிச்சிட்டியளோ அம்மா?"

"ஓம் ஐயா. நீங்கள் விட்ட இடத்தில இருந்து சொல்லுங்கோ."

"இல்லை, பேரைத் திரும்பச் சொல்லுவம்."

முதல் தரம் சொன்னது குரைப்பில் போய்விட்டது. இரண்டாம் தரம் ஆறுதலாகச் சொன்னார். நித்தியானந்தன். முழுவதும் கேட்டேன்.