நாற்றம் பிடித்த ஆகஸ்டிலேயே வா

ஜூலை 3

அன்பு மகள் நெவென்காவுக்கு அம்மா எழுதுவது. ஆக்லாந்துக் குளிரில் நீயும் மாப்பிள்ளையும் சளி இருமல் இல்லாமல் இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே என் உடம்புக்குக் குறைவில்லை, கடைக்கும் குறைவில்லை, உன் மாமா யெர்கோதான் நன்றாக இல்லை. இதைப் போனில் சொல்ல வழியில்லை. நம் வீட்டு முன்னறையில்தான் படுத்திருக்கிறான், உடம்பு போனாலும் காது போகவில்லை. போனிலேயே செய்தி அனுப்பலாம் என்றால் அந்தப் பொடி எழுத்து என் கண்ணுக்குத் தெரியாமல் போனதிலிருந்து போனில் வருவதையும் போவதையும் படித்துச் சொல்கிறவனே அவன்தான். அதனால் கிடங்கில் குடைக் கட்டுகளுக்கு நடுவே உட்கார்ந்து இதை எழுதுகிறேன். ஸ்ப்ளிட் நகரத்து ஆஸ்பத்திரியில் டாக்டர் என்னை மட்டும் தனியே கூப்பிட்டார். கணையத்தில் வந்தது ஈரல் வரை போய்விட்டது, செப்டம்பரைப் பற்றிப் பேச வேண்டாம் அம்மா என்று சொல்லிவிட்டார்.

எந்த மாதம் கடற்கரைக்கு நல்லது, செப்டம்பர் கடைசி என்று இணையத்தில் எல்லாரும் எழுதுகிறார்களே என்று கேட்டிருந்தாய். சரியாகத்தான் எழுதியிருக்கிறார்கள். கடைக்கு வருகிற யார் கேட்டாலும் நானும் அதையேதான் சொல்வேன். ஜூனில் வெயில் இருக்கும், தண்ணீர் காலைக் கடிக்கும். ஜூலை பரவாயில்லை. செப்டம்பரில் கூட்டம் கப்பலேறிவிடும், கடல் மட்டும் சூடாகவே இருக்கும், அத்தியும் திராட்சையும் மலிவு. ஆகஸ்ட் என்று யாராவது சொன்னால் அவர்கள் முகத்தையே பார்க்காதே என்பேன். உனக்குத் தெரியாததா. போன ஆகஸ்டில் சிறு வளைகுடாவில் நாற்பது படகு நின்றது, நாற்பதும் கக்கூஸ் தொட்டியை அங்கேயே திறந்துவிட்டது. காலையில் தண்ணீரின் மேல் வெயிலுக்குப் பூசுகிற களிம்பு எண்ணெய் ஆறிப்போன சூப்பில் ஆடை கட்டியதைப் போல மிதந்தது, அதற்குள் பிள்ளைகள் வாய் திறந்து சிரித்துக்கொண்டு குளித்தன. கோவில் படிக்கட்டில் வாந்தி. குப்பைத் தொட்டியில் தர்பூசணித் தோல், அதன் மேல் குளவி. ஈர ஜட்டியோடு கடைக்குள் வந்து, விலை கேட்டு, வாங்காமல், நாற்காலியை நனைத்துவிட்டுப் போகிறார்கள். கழிவு இறைக்கிற லாரி ஒரு நாளைக்கு நான்கு முறை நம் சந்தில் வரும், அந்த நேரத்தில் நான் மூக்கில் எலுமிச்சைத் தோலை வைத்துக்கொண்டு சிரித்த முகமாக ரப்பர் செருப்பு விற்பேன். எனக்குச் சாப்பாடு போடுவதும் இந்தக் கூட்டம்தான், அதை மறுக்கவில்லை. சாப்பாடு போடுகிறது என்பதற்காக நாற்றம் மணமாகிவிடாது.

இருந்தாலும் நீ ஆகஸ்டில்தான் வர வேண்டும், முதல் வாரத்திலேயே. மாமா இதற்குச் சம்மதிக்க மாட்டான். உன் செய்தியை எனக்குப் படித்துக் காட்டியதே அவன்தானே, அப்போதே சொன்னான், “அக்கா, புள்ளைய இந்தச் சாக்கடை மாசத்துல கூப்பிடாத, செப்டம்பர்லயே வரட்டும், தண்ணி நல்லா இருக்கும், நானும் எங்கயும் ஓடிப் போயிடமாட்டேன்” என்று. வயிற்றில் பிடித்த வலிக்கு வியர்வை வழிந்துகொண்டிருந்தது, வாய் மட்டும் கேலி பேசியது.

இன்னொன்றும் உனக்குத் தெரிய வேண்டும், எழுதவே அருவருப்பாக இருக்கிறது. எட்டு வருடத்துக்கு முன் கடற்கரைக் கடைக்காரர்கள் பன்னிரண்டு பேர் சேர்ந்து பங்குச் சாமியாரிடம் ஒரு தாள் கொடுத்தோம். ஜூனிலிருந்து செப்டம்பர் முடியும் வரை கோவிலில் துக்க மணி அடிக்கக் கூடாது, சவத்தைக் கடற்கரை வழியாக எடுக்கக் கூடாது, காலை ஏழுக்கு முன் பின்சந்து வழியாகக் கொண்டுபோக வேண்டும், விருந்தாளிகள் முகம் சுளிக்கிறார்கள் என்று. அதில் முதல் கையெழுத்து என்னுடையது. அந்த வாரம்தான் ஒரு சவ ஊர்வலம் கடை வாசலில் போனது, அதைப் பார்த்து ஒருத்தி கையிலிருந்த செருப்பைக் கீழே போட்டுவிட்டு வெளியே ஓடினாள். போன உயிருக்காக நான் வருத்தப்படவில்லை, போன வியாபாரத்துக்காகப் பட்டேன். அதுவரை எல்லாருக்கும் அந்த மணியை அடித்தவன் உன் மாமா. அந்த நான்கு மாதமும் கயிற்றைச் சுருட்டி மேலே கட்டிவிட்டான், அவ்வளவுதான்.

போன ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக் கடை ஃபாபியன் ஒரு கூடை பீச் பழத்தோடு நலம் விசாரிக்க வந்தான். வாசலிலேயே நின்று குரலைத் தாழ்த்தி, “பெரினாக்கா, தப்பா எடுத்துக்காதீங்க, ஆகஸ்ட் பதினஞ்சாம் தேதி மாதா திருநாள் வரைக்கும் தாங்குவாருல்ல? எங்க கடை அன்னிக்கு நிரம்பிடும், அதான்” என்றான். உள்ளேயிருந்து மாமா கத்தினான், “டேய் ஃபாபியா, உன் கடையில மேசை காலியா இருக்கிற நாளாப் பாத்துச் சொல்லுடா, அன்னிக்கே கிளம்பிடறேன். காலைல அஞ்சரைக்குக் குப்பை வண்டியோட போறதுன்னாலும் எனக்குச் சம்மதம்தான், எங்க அக்கா கையெழுத்தாச்சே, மீற முடியுமா?” ஃபாபியன் சிரித்தான். கூடையை அவன் கண் முன்னாலேயே தொட்டியில் கவிழ்த்தேன். அவன் சொன்னதற்காக மட்டும் இல்லை நெவா, எட்டு வருடத்துக்கு முன் நானும் இதையேதான் கேட்டிருப்பேன், இன்னும் இனிப்பாகக் கேட்டிருப்பேன்.

மறுநாள் சாமியாரிடம் போய் அந்தத் தாளிலிருந்து என் பெயரை அடிக்கச் சொன்னேன். “ஒரு ஆள் அடிச்சா மத்தவங்க சும்மா இருப்பாங்களாம்மா, பாதிப்பேராவது வேணும்” என்றார். கடற்கரையில் விரிகிற குடை, மெத்தை எல்லாம் யார் கிடங்கிலிருந்து போகிறது? காற்றில் உடைந்த குடைக்கு மாற்றுக் கேட்டு வந்தவர்களிடம், அங்கே போய்ப் பெயரை அடித்துவிட்டு வா, குடை தருகிறேன் என்றேன். மூன்று நாளில் எட்டுப் பேர் அடித்துவிட்டார்கள். மிரட்டல்தான், எனக்கு வெட்கமில்லை. ஃபாபியன் அடிக்கவில்லை, அவன் மேசைகள் வெயிலில் காயட்டும். மணி அடிக்கும், ஊர்வலம் மாலையில் கடற்கரை வழியாகவே போகும். மாமாவிடம் சொன்னேன். சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான். பிறகு, “கயித்துல எலி கடிச்சிருக்கும், மாத்தச் சொல்லு” என்றான்.

உன் அறையை ஆகஸ்டுக்கு ஒரு ஜெர்மன் ஜோடிக்குக் கொடுத்திருந்தேன். சாக்கடை உடைந்துவிட்டது என்று அவர்களுக்கும் கடிதம் போட்டுவிட்டேன். ஆகஸ்டில் அது பெரிய பொய்யும் இல்லை. ஸ்ப்ளிட்டில் நம் ஊர்க் கப்பலுக்கு வரிசை நீளம், அதிகாலைக் கப்பலையே பிடி. குழாய்த் தண்ணீரைக் குடிக்காதே. மாப்பிள்ளைக்கு லீவு கிடைக்காவிட்டால் அவருக்காகக் காத்திருக்காதே, தனியாகவே கிளம்பு. வந்ததும் மாமாவிடம், டிக்கெட் ஆகஸ்டுக்குத்தான் கிடைத்தது, கடலுக்காகத்தான் வந்தேன் என்று சொல். தினமும் எவ்வளவு அசிங்கமாக இருந்தாலும் ஒரு முறையாவது தண்ணீரில் இறங்கி, நனைந்த தலையோடு அவன் முன்னால் வந்து நில். ஆண்டவர் உன்னைப் பத்திரமாக என் வாசலில் கொண்டுவந்து சேர்க்கட்டும். கறுப்பு உடை ஒன்றைப் பெட்டியின் அடியில் வை, நீச்சலுடை மேலே இருக்கட்டும், பெட்டியை அவன்தான் திறப்பான்.

உன் அம்மா
பெரினா