பெனின் அரசரின் முன்னால் சப்பாத்தைக் கழற்றிய அக்காவுக்கு

அக்கா,

இன்று நேர்முகத்துக்குப் போன அலுவலகத்தில் கதவின் கைப்பிடி பழைய பித்தளை. அதன் வாசம் உள்ளங்கையில் ஒட்டிக்கொண்டது. ரயிலில் முகர்ந்து பார்த்ததும் உங்கள் நினைவு வந்தது.

எங்கள் மனோர் பார்க் வீட்டின் மேலறையில் நீங்கள் வாடகைக்கு இருந்த குளிர்காலம். குரோய்டன் குடிவரவு அலுவலகத்தில் உங்கள் அகதி வழக்குக்கு முடிவு வரவில்லை. எனக்குப் பல்கலைக்கழகம் இல்லாத நாட்களில் அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப்போகச் சொல்வீர்கள். உள்ளே போகக் காசு கேட்கமாட்டார்கள், சூடாகவும் இருக்கும்.

ஆப்பிரிக்காவில் இருந்த பெனின் நாட்டு அரசரின் பித்தளைத் தலைக்கு முன்னால்தான் எப்போதும் நிற்பீர்கள். கழுத்திலிருந்து வாய்வரை பவளமாலை அடுக்கு, உச்சியில் ஓட்டை. பலகையில் இருந்ததை வாசித்துச் சொன்னேன். அரசர் இறந்தால் பட்டத்துக்கு வரும் மகன் தகப்பனுக்காக இப்படியொரு தலை வார்ப்பித்துப் பீடத்தில் வைப்பான். ஓட்டையில் செதுக்கிய யானைத் தந்தம் நிற்கும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் ஆங்கிலப் படை புகுந்தது. அரண்மனை எரிந்தது, அரசரை நாடுகடத்தினார்கள், தலைகள் கப்பலேறின.

"இவரிட்டை ஒருத்தரும் விசா கேக்கேல்லையாமோ?" என்று சிரித்தீர்கள். சிரித்தபடியே குனிந்து சப்பாத்தைக் கழற்றினீர்கள்.

"அக்கா, போடுங்கோ. காவலாளி பாக்கிறார்."

"பாக்கட்டும். செத்த மனிசனுக்கு வைச்சதடி. சப்பாத்தோட நிக்க ஏலுமே?"

எனக்கு வெட்கத்தில் காது சுட்டது. காவலாளி கிட்ட வந்தார், உங்கள் கிழிந்த காலுறையைப் பார்த்தார், திரும்பிப் போய்விட்டார்.

கடைசியாகப் போனபோது வழக்குத் தோற்றிருந்தது. "கொழும்பில இறங்கினவுடனேயே மறிப்பாங்கள்" என்றீர்கள், கண்ணாடிப் பெட்டியைப் பார்த்தபடி. அடுத்த கிழமை அனுப்பிவிட்டார்கள். விமானம் இறங்கியது தெரியும். பிறகு உங்களைக் கண்டவர் இல்லை.

நான் பட்டம் பெற்றேன், எங்கள் வீட்டில் முதல் ஆளாக. போன மாதம் உங்கள் அம்மா தொலைபேசியில் கேட்டார்: "பிள்ளை, அவளின்ர படம் ஒண்டு அனுப்பம்மா. பெருசாக்கி மாலை போடப்போறம். எத்தினை வருசம் பாத்துக்கொண்டு இருக்கிறது?"

ஓம் என்றேன்.

என்னிடம் ஒரே ஒரு படம் இருக்கிறது, அருங்காட்சியகப் படியில் நான் எடுத்தது. பிளாஷ் வெளிச்சத்தில் நீங்கள் இமைத்துவிட்டீர்கள், கண்கள் மூடியிருக்கின்றன. அது இமைத்தது மட்டும்தான் என்று தெரிந்த ஆள் நான் ஒருத்திதான். படத்தைக் கைப்பையிலேயே வைத்திருக்கிறேன், அக்கா. அனுப்பவில்லை.