வக்கீல் செலவு யார் தலையில்?

என் செல்ல மகளுக்கு, உன் ஒரே சித்தப்பாவும் இக்குடும்பத்தின் தலைமைத் தூதருமாகிய நான் எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம், உன் அப்பாவின் நுரையீரல் மட்டும் வழக்கம்போல எங்கள் பேச்சைக் கேட்பதில்லை. நீ சுகம் என்று எழுதினால்தான் உன் அம்மா எனக்குச் சோறு போடுவார், ஆகவே உடனே எழுது.

வழக்குச் செலவுக்காகப் படிப்பைப் பாதியில் விட்டு வேலைக்குப் போகிறேன் என்று நீ எழுதியதிலிருந்து உன் அப்பா சரியாகச் சாப்பிடவில்லை. அந்தப் பேச்சை ஒழிக்கத்தான் இந்தச் சாசனம். நேற்று நம் வக்கீலம்மா ஆபீசில் கம்பெனியோடு சமரசப் பேச்சு. ஆபீஸ் மூன்றாம் மாடி, லிஃப்ட் செத்துக் கிடந்தது. கம்பெனிக்காக ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் அறுத்து அறுத்துத் தூசியை விழுங்கிய உன் அப்பா, ஏறியே தீருவேன் என்று கிளம்பி முதல் மாடித் திருப்பத்திலேயே தள்ளாடி நின்றுவிட்டார். அந்த மாடியில் கிளினிக் வைத்திருக்கும் பல் டாக்டர் ஒரு நாற்காலி கொடுத்தார். சமரசம் வேண்டுமானால் அவர்கள் கீழே இறங்கி வரட்டும் என்று நான் ஓர் உறுமல் உறுமினேன், அடுத்த தெரு நாய்களெல்லாம் எழுந்து நின்றன. இரண்டு தரப்பு வக்கீல்களும் ஃபைலோடு வந்து படிக்கட்டில் உட்கார்ந்தார்கள்.

கம்பெனி வக்கீல் ஒரு தொகை சொன்னார், நான் கையெழுத்துக்குப் பேனாவையே திறந்துவிட்டேன். வக்கீலம்மா என் பேனாவை வாங்கி மூடிவிட்டு, செலவு இதுக்குள்ளயா, தனியா என்று கேட்டார். எல்லாம் அதுலயே அடக்கம் மேடம், அவங்கவங்க செலவ அவங்கவங்க பாத்துக்கலாமே என்று அவர் குழைந்தார். அடக்கம் என்றால் டாக்டர் அறிக்கை, சாட்சி தேடிய அலைச்சல், வக்கீல் ஃபீஸ் எல்லாம் உன் அப்பாவுக்கு வருவதிலிருந்தே போகும், படி ஏறாமல் இருக்கத் தரைத்தளத்தில் வீடு பார்த்தோமே, அதற்குப் பதில் ஒரு பாய்தான் மிஞ்சும். கூட வந்திருந்த உன் அம்மா, ஏன் சார், அடிச்சது நீங்க, ஆஸ்பத்திரிக்குப் போன வண்டிக்கூலிய அடி வாங்கினவர்கிட்ட கேக்கறீங்களே, இது என்ன நியாயம் என்றார். டாக்டருக்காகக் காத்திருந்தவர்கள் பல்வலியை மறந்து தலையாட்டினார்கள்.

மேலிடத்தைக் கேட்கணும் என்றார் கம்பெனி வக்கீல். போன் சிக்னலோ மூன்றாம் மாடியில்தான். ஏறினார், இறங்கினார், செலவுல பாதி தர்றாங்களாம் என்றார். வக்கீலம்மா உதட்டைப் பிதுக்கினார். மறுபடி ஏறினார். ஆள் ஒரு குட்டி யானை, அவர் மிதித்த மிதியில் கட்டடமே ஒரு சாண் பூமிக்குள் இறங்கியிருக்கும். கடைசியாக வந்தவர் சுவரைப் பிடித்தபடி வாயைத் திறந்து திறந்து மூடினார், வார்த்தை வரவில்லை. உன் அப்பா எழுந்து தன் நாற்காலியை அவர் பக்கம் தள்ளினார். உக்காருங்க தம்பி, குனிஞ்சு மெதுவா மூச்சு விடுங்க, பழகிடும் என்றார். அந்த ஆள் உட்கார்ந்து உன் அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் கேலியை மூட்டை கட்டிவிட்டு அவருக்குத் தண்ணீர் கொடுத்தேன், உலக சரித்திரத்தில் முதல் தடவை. அப்புறம்தான் சொன்னார், செலவு தனி, கம்பெனியே குடுத்துடும், மேலயே பேசி முடிச்சுட்டேன், சொல்லத்தான் மூச்சு வரல என்று.

மறைக்காமல் எழுதுகிறேன், கம்பெனி செலவைக் கொடுத்தாலும் முழுதும் திரும்பாதாம், சிறு பங்கு நம் தொகையிலிருந்து போகும், அதற்கு மேல் தொடமாட்டேன் என்று வக்கீலம்மா எழுதிக் கொடுத்துவிட்டார். வீடு உறுதி. இனி நீ கல்லூரியை விட்டு ஓர் அடி வெளியே வைத்தாலும் கடலை நீந்தி வந்து காதைத் திருகுவேன். பணம் வந்ததால் நுரையீரல் புதிதாகிவிடாது, அது உனக்கும் தெரியும். போனில் அப்பா பேசாவிட்டால் கோபம் என்று நினைக்காதே, வாயைத் திறந்தால் இருமல் வந்து நீ பயந்துவிடுவாய் என்றுதான் சும்மா இருக்கிறார். வகுப்பில் நடந்ததையெல்லாம் நீ பேசிக்கொண்டே இரு, அவர் கேட்கட்டும்.

நூறு வயது நன்றாக இரு. பரீட்சைக் கட்டணத்தை நாளைக்கே கட்டு.

இப்படிக்கு,
உன் அப்பா, அம்மாவின் ஆசிகளைச் சுமந்துகொண்டு,
சித்தப்பா